கோண்டோலா சவாரி: 90 யூரோவுக்குத் தகுமா?

21 ஏப்ரல் 2025 – கேள்வி

ஜூன் நடுவில் வெனிஸ் வருகிறோம். நான், மனைவி, 12 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். ஆக ஆறு பேர், இரண்டு இரவு தங்கல். கோண்டோலாவுக்கு அரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்கிறார்கள். அலுவலகத்தில் போய்வந்தவர்கள் அத்தனை பேரும் "போட்டோவுக்கு மட்டும்தான், மற்றபடி தண்டம்" என்கிறார்கள். மாமியாருக்கு ஏறிப் பார்க்க ஆசை. மாமனாருக்கு முழங்கால் வலி. என்ன செய்யலாம்?

22 ஏப்ரல்

நான் பாதுவாவில் இருக்கிறேன். வெனிசுக்கு ரயிலில் அரை மணி. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும்.

90 யூரோ என்பது ஆளுக்கு இல்லை, படகுக்கு. 30 நிமிடம். நகராட்சி வைத்த விலை, 2023 நவம்பரில் ஏற்றினார்கள். அதற்கு முன் 80. பழைய பயணக் கட்டுரைகளில் இன்னும் 80 என்றே கிடக்கும், அதைக் காட்டிப் பேரம் பேசாதீர்கள். மாலை 7 மணிக்கு மேல் 110 யூரோ, 35 நிமிடம்.

உங்கள் சிக்கல் பணம் இல்லை, எண்ணிக்கை. ஒரு படகில் ஐந்து பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். 2020 வரை ஆறு பேர் ஏறலாம். சுற்றுலா வருகிறவர்களின் எடை கூடிவிட்டது என்று படகோட்டிகள் தரப்பில் பகிரங்கமாகவே சொல்லி ஒரு ஆளைக் குறைத்தார்கள். ஆறு பேர் என்றால் இரண்டு படகு, 180 யூரோ. அல்லது ஒருவர் கரையில் நிற்க வேண்டும். யார் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தண்டமா என்றால், ஏறும் இடத்தைப் பொறுத்தது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

22 ஏப்ரல், இரவு

பிள்ளைகளும் கணக்கில் வருவார்கள். 9 வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்க்க வேண்டாம்.

25 ஏப்ரல்

ஏறும் இடம். எல்லோரும் போவது சான் மார்கோ சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பச்சீனோ ஓர்சேயோலோ. குளம் போன்ற சின்ன இடம், அதில் கோண்டோலாக்கள் பக்கத்தில் பக்கம் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஏறுவதற்கு வரிசை. ஏறிய பிறகு கால்வாயிலும் வரிசை. முன்னால் ஒரு படகு, பின்னால் ஒரு படகு, மூன்றிலும் செல்ஃபி குச்சி. அரை மணியில் நீங்கள் பார்ப்பது முன்படகில் உட்கார்ந்திருப்பவரின் தொப்பியை.

சதுக்கத்துக்கு முன்னால், டோஜ் (வெனிஸ் குடியரசின் அந்தக் காலத்துத் தலைவர்) அரண்மனைப் பக்கத்துத் துறையிலும் ஏறலாம். அது திறந்த தண்ணீர். பயணிகள் படகு, டாக்ஸி, சரக்குப் படகு எல்லாம் அலை கிளப்பிக்கொண்டே இருக்கும். தட்டை அடிப்பாகம் உள்ள கோண்டோலா அதில் தட் தட் என்று அடிவாங்கும். முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. பெருமூச்சுப் பாலத்தின் அடியில் போக வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். அரண்மனையையும் சிறையையும் இணைப்பதற்காக 1600 வாக்கில் கட்டிய பாலம். கரையிலிருந்தே நன்றாகத் தெரியும், காசு வேண்டாம்.

என் ஓட்டு சான் தோமாவுக்கு. பெரிய கால்வாயின் மேற்குக் கரையில் உள்ள துறை. மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பழகிய அதே தோமையார்தான். அங்கே ஏறினால் சீக்கிரமே சின்னக் கால்வாய்களுக்குள் நுழைந்துவிடலாம். ஏறுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கால்வாய் வழியாகப் போவீர்கள்? பெரிய கால்வாயில் குறைவாக, உள்ளே அதிகமாகப் போகச் சொல்லுங்கள். பெரிய கால்வாயைப் பார்க்க வாப்பொரெட்டோ என்ற பொதுப் பயணிகள் படகு இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் முதலில் மாறுவது சத்தம். மோட்டார் ஒலி அடங்கிவிடும். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்கும், மேலே யாரோ சமையலறையில் தட்டு கழுவுவது கேட்கும். முனை திரும்புவதற்கு முன் படகோட்டி "ஓயே" என்று நீட்டிக் குரல் கொடுப்பார், எதிரே படகு வந்தால் பதில் குரல் வரும். வீடுகளுக்குத் தண்ணீர்ப் பக்கமும் ஒரு வாசல் உண்டு. கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி, அதற்கு மேலே உப்பு அரித்து உதிர்ந்த செங்கல். தெருவில் நடந்தால் இந்த முகப்புகள் கண்ணில் படாது. அந்தக் காலத்தில் விருந்தாளி வருவது தண்ணீர் வழியாகத்தான், வீட்டின் அலங்காரமெல்லாம் அந்தப் பக்கம்தான்.

26 ஏப்ரல்

நேரம் பற்றி விட்டுப்போனது. ஜூன் நடுவில் இங்கே சூரியன் மறைய 9 மணி ஆகும். 7 மணிக்கு மேல் இரவுக் கட்டணம். அதாவது ஏழரைக்கு ஏறினால் 110 யூரோ கொடுத்துப் பட்டப்பகலில் போவீர்கள். ஆறு, ஆறே காலுக்கு ஏறுங்கள். வெயில் சாய்ந்திருக்கும், பகல் பயணிகள் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். இல்லையென்றால் காலை 9 மணிக்கு, முதல் ஆளாக.

3 மே

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: இவ்வளவு செலவில்லாமல் கோண்டோலாவில் கால் வைக்க வழியே இல்லையா?

இருக்கிறது. டிராகெட்டோ. பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் படகு. இரண்டு பேர் துடுப்பு போடுவார்கள், வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சான்தா சோஃபியாவில் ஏறினால் எதிர்க்கரையில் ரியால்தோ சந்தை. சான் தோமாவிலும் உண்டு. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அது வேடிக்கைக்காக வந்த ஏற்பாடு இல்லை. பெரிய கால்வாய் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளம். ரியால்தோவின் கல் பாலம் 1591இல் முடிந்தது. அதற்குப் பிறகு 1854 வரை அந்த நீளத்துக்கும் அது ஒன்றே பாலம். அக்கரைக்குப் போக வேண்டும் என்றால் படகுதான். இப்போது நான்கு பாலம் இருக்கிறது. ஆனாலும் காய்கறிப் பையோடு டிராகெட்டோவில் நிற்கும் பாட்டிகளைப் பார்க்கலாம். பழையபடி நின்றுகொண்டே போவார்கள். நாம் உட்காரலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் தண்ணீரில் விழுவதைவிடப் பரவாயில்லை.

4 மே

"கறுப்பு நிறம் கொள்ளைநோயில் செத்தவர்களுக்குத் துக்கம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சில வழிகாட்டிகளும் இதைச் சொல்வார்கள். ஆனால் காரணம் வேறு. பணக்காரக் குடும்பங்கள் படகை பட்டு, பொன் முலாம் என்று போட்டி போட்டு அலங்கரித்தன. அரசு ஆடம்பரத் தடைச் சட்டம் போட்டு அடக்கியது. 1562ஆம் ஆண்டு ஆணையைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். எல்லாரும் ஒரே மாதிரி கறுப்புக்கு வந்தது அப்படித்தான். சட்டம் போட்ட குடியரசு 1797இல் நெப்போலியனிடம் விழுந்தது. கறுப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

கொள்ளைநோய்க் கதை வேண்டுமானால் ஜூலை மூன்றாவது வார இறுதியில் வாருங்கள். 1575 தொற்று அடங்கியதற்கு நேர்ந்துகொண்டு கட்டிய ரெதெந்தோரே தேவாலயத்துக்கு, ஜூதெக்கா கால்வாயின் குறுக்கே மிதவைப் பாலம் போட்டு நடந்து போவார்கள். சனி இரவு வாணவேடிக்கை. உங்கள் தேதிக்கு வராது, பரவாயில்லை.

11 மே

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன், ஏனென்றால் நீளம். ஆனால் 90 யூரோ எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பணம் காட்சிக்கு இல்லை. ஓட்டும் ஆளின் வேலைக்கு.

படகு கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம், அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஓட்டுபவர் ஒருவர். துடுப்பு ஒன்று, அதுவும் வலப்பக்கம் மட்டும். ஒரே பக்கம் துடுப்பு போட்டால் படகு இடப்பக்கமாக வட்டமடிக்க வேண்டும் அல்லவா? நேராகப் போகிறது. காரணம், படகே கோணல். இடப்பாதி வலப்பாதியைவிட 24 சென்டிமீட்டர் அகலம். ஆளில்லாமல் கட்டிக் கிடக்கும் கோண்டோலாவைப் பாருங்கள், வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும். படகோட்டி பின்னால் இடப்பக்கம் ஏறி நின்றதும் நிமிரும். அவருடைய எடையும் கட்டுமானத்தில் ஒரு பகுதி.

இந்தக் கோணல் ஆதியிலிருந்து வந்தது இல்லை. முன்பு வசதியான வீடுகளில் படகுக்கு இரண்டு ஆள் வைத்திருந்தார்கள். வாடகைத் தொழிலாக மாறியபோது ஒரு ஆள் கூலிதான் கட்டுபடியாகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொமேனிகோ திராமொந்தின் என்ற தச்சர் இந்த ஒற்றை ஆள் வடிவத்தைச் செப்பம் செய்தார். எட்டு வகை மரம், 280 துண்டு. ஒவ்வொரு மரமும் ஒரு காரணத்துக்கு.

எனக்குப் பிடித்தது துடுப்பு தாங்கி. ஃபோர்கொலா என்பார்கள். வால்நட் மரக்கட்டை ஒன்றில் குடைந்து எடுத்தது, முழங்கையை மடக்கி நிறுத்திய மாதிரி இருக்கும். துடுப்பை அதில் கட்டவோ கோக்கவோ மாட்டார்கள், சும்மா சாய்த்து வைத்திருப்பார்கள். வேகமாகப் போக ஒரு வளைவு, மெதுவாகப் போக இன்னொன்று, நிறுத்த, பின்னால் வர, திரும்ப என்று ஒவ்வொன்றுக்கும் வேறு இடம். ஓட்டுபவர் உயரத்துக்கும் நிற்கும் விதத்துக்கும் ஏற்பச் செதுக்குவது, அதனால் ஒருவருடையது இன்னொருவருக்குச் சரிப்படாது. வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒடுக்கமான முனையில் கவனியுங்கள். முன்பக்கத்து இரும்புச் சீப்பு எதிர்ச்சுவரைத் தொடப் போகிறது என்று நமக்குப் பதறும். அவர் பேசிக்கொண்டே செருப்புக்காலால் சுவரில் ஒரு உதை கொடுப்பார். 11 மீட்டர் படகு அப்படியே திரும்பும். சுவரில் ஒரு கை அகலம் இடைவெளி இருக்கும், அவ்வளவுதான். தலைக்கு மேல் தாழ்ந்த பாலம் வந்தால் துடுப்பை விடாமல் குனிந்து, மறுபக்கம் நிமிர்ந்து, விட்ட பேச்சைத் தொடர்வார்.

இதில் ஒரு கஷ்டம். அலங்கார இருக்கை முன்பக்கம் பார்த்தது. படகோட்டி உங்கள் முதுகுக்குப் பின்னால். முக்கால்வாசிப் பேர் அவரைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். ஓரத்தில் இருக்கும் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்கலாம். அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுவார்கள். கொடுத்துவிடுங்கள், 12 வயதுக்கு அதுதான் நல்ல இருக்கை.

12 மே

முதல் குறிப்பில் ஒருவர் கரையில் நிற்க வேண்டும் என்று எழுதினேன். நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது தோன்றியது: மாமனாரைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. வாப்பொரெட்டோ 2ஆம் எண்ணில் ஜாத்தெரே துறையில் இறங்குங்கள். அங்கிருந்து ஃபொந்தமெந்தா நானி கரைக்குப் பாலம் ஏறாமல் சமதரையில் போகலாம். இந்த ஊரில் 400க்கு மேல் பாலம், பெரும்பாலும் படிக்கட்டு, அதனால் பாலமில்லாத பாதையைச் சொன்னால் அது பெரிய தகவல். அந்தக் கரையில் நின்றால் எதிரே சான் த்ரொவாசோ படகுப் பட்டறை. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மலைநாட்டு மரவீடு போலக் கட்டிடம், தச்சர்கள் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள கதோரே பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதால். சாய்தளத்தில் கோண்டோலாவைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைச் சுரண்டுவதும் கறுப்பு பூசுவதும் தண்ணீருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

ஞாயிறு போகாதீர்கள், வேலை நடக்காது.

20 மே

இணையத்தில் "பகிர்வு கோண்டோலா" என்று தலைக்கு 30 யூரோ அளவில் விற்கிறார்கள். தனியாக வருகிறவருக்குச் சரி. ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒருவருக்கு 18 யூரோதான் வருகிறது, எதற்குப் பகிர வேண்டும்?

என் சித்தப்பா குடும்பம் வந்தபோது, ஊரிலேயே ஒரு முகவர் மூலம் "பாட்டோடு கோண்டோலா" என்று பணம் கட்டிவிட்டு வந்தார்கள். முகவர் பெயர் வேண்டாம். பல படகுகள் கூட்டமாகப் போயின, பாடகரும் அக்கார்டியன்காரரும் ஏறியது ஒரே ஒரு படகில். இவர்கள் இருந்தது கடைசிப் படகு. "யாரோ பாடுறாங்கன்னு தெரியுது" என்றார் சித்தி. பாடியதும் நேப்பிள்ஸ் பாட்டு, அது இந்த ஊர்ப் பாட்டே இல்லை. பாட்டு சேர்ந்த கட்டணம் தனி, 90 யூரோவில் அது அடங்காது. படகோட்டி தானாகப் பாடினால் உங்கள் அதிர்ஷ்டம்.

துறையில் நேராகப் போய், விலைப் பலகையைப் பார்த்து, நிமிடத்தைப் பேசிக்கொண்டு ஏறுங்கள். முன்பதிவு தேவையே இல்லை.

21 மே

ஆமாம், செல்ஃபி எடுக்கலாம். உட்கார்ந்தபடி எடுங்கள். 2023 டிசம்பரில் ஒரு கூட்டம் படகோட்டி சொல்லச் சொல்லக் கேட்காமல் எழுந்து நின்று எடுத்தது, தாழ்ந்த பாலத்தின் கிட்டே படகே கவிழ்ந்தது. குளிர்காலத் தண்ணீர். யாருக்கும் பெரிய அடி இல்லை. தொலைபேசிகளின் நிலவரம் செய்தியில் வரவில்லை.

2 ஜூன்

வெனிசுக்குள் வருவதற்கான நுழைவுக் கட்டணம் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2024 ஏப்ரல் 25 அன்று ஆரம்பித்தது. 2025இல் 54 நாள் இருந்தது, ஜூனில் பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை, காலை 8.30 முதல் மாலை 4 வரை. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. இது பகலில் வந்து போகிறவர்களுக்கு. வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்கினால் கிடையாது. தீவுக்கு வெளியே நிலப்பக்கம் இருக்கும் மெஸ்த்ரேயும் அந்த எல்லைக்குள்தான். ஆனால் விலக்கு உண்டு என்று கட்டணத்துக்கான இணையதளத்தில் பதிந்து, அந்தக் குறியீட்டைத் தொலைபேசியில் வைத்திருக்க வேண்டும். பாதுவாவில் தங்கினால் மலிவு என்று என்னிடம் கேட்டவருக்கு: மலிவுதான், ஆனால் இந்தக் கட்டணம் சேரும்.

வாப்பொரெட்டோ டிக்கெட் ஒரு தடவைக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஆறு பேர் ஒருமுறை ஏறினாலே 57 யூரோ. 48 மணி நேரச் சீட்டு 35 யூரோ, அதை வாங்குங்கள். 1ஆம் எண் படகு நம்மூர் டவுன் பஸ் மாதிரி எல்லாத் துறையிலும் நின்று நின்று போகும். பெரிய கால்வாயை முழுசாகப் பார்க்க அதுவே போதும். ரயிலடியில் ஏறாமல் முதல் துறையான பியாத்சாலே ரோமாவில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.

2 ஜூன், இரவு

"ஆலப்புழையே கிழக்கின் வெனிஸ், இதற்கு விசா எடுத்து ஐரோப்பா போகணுமா" என்ற அன்பருக்கு. ஆலப்புழையில் படகிலேயே கரிமீன் வறுவல் கிடைக்கும், இங்கே கிடைக்காது. அந்த அளவில் ஆலப்புழைக்கு வெற்றி. மற்றபடி இது தண்ணீர் ஓரத்தில் இருக்கும் ஊர் இல்லை. சதுப்புக்குள் மரக்கழிகளை அடித்து இறக்கி, அதன்மேல் கல் பரப்பிக் கட்டிய ஊர்.

நம் பக்கத் தொடர்பும் சும்மா இல்லை. ரியால்தோ பக்கம் ஏறினால் மலிப்ரான் நாடக அரங்கத்தை ஒட்டிப் படகு போகும்போது "மார்கோ போலோ வீடு" என்று படகோட்டி கை காட்டுவார். அந்த இடத்தில்தான் அவர் குடும்பம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் அங்கே வந்திறங்கும் குதிரைகளையும் பற்றிச் சொன்னவர். 1638இல் இங்கே பிறந்த நிக்கோலாவ் மனூச்சி பதின்ம வயதில் கிளம்பி, முகலாயர் நாட்டில் வைத்தியம் பார்த்து, கடைசிக் காலத்தைச் சென்னையில் கழித்தார். ஊர் திரும்பவே இல்லை. பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதையையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

6 ஜூன்

பெண்கள் ஓட்டுகிறார்களா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். 2010இல் ஜோர்ஜா பொஸ்கோலோ உரிமம் பெற்றார், முதல் பெண். அப்பாவும் கோண்டோலா ஓட்டியவர். மொத்த உரிமம் நானூற்றுச் சொச்சம்தான், பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே சுற்றும். துடுப்பு போடக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் நின்றபடி ஓட்டும் வெனிஸ் முறையைச் சொல்லித்தரும் சங்கங்கள் உண்டு, கற்றுத் தருபவர்களில் பெண்கள் நிறைய. கோண்டோலாவில் இல்லை, அகலமான பழைய படகில்.

9 ஜூன்

கேட்டவர் தகவல் அனுப்பியிருக்கிறார்: மாமனாரும் ஏறப் போகிறாராம். படகுப் பட்டறை பற்றிப் படித்ததும் "ஓட்டுற ஆளைப் பார்க்கணும்" என்கிறாராம். நல்லது. அப்படியென்றால் இரண்டு படகு வேண்டாம். மருமகன் கரையில் நிற்கட்டும். கேள்வி கேட்டவர் நீங்கள்தானே. பாலத்தின் மேலிருந்து எடுத்தால் அடியிலிருந்து எடுப்பதைவிடப் படம் நன்றாகவும் வரும்.

முழங்காலுக்கு: துறைக்குத் துறை படி உயரம் வேறுபடும், நீர்மட்டத்தையும் பொறுத்தது. முதலில் போய்ப் பாருங்கள். படகோட்டி கையை நீட்டுவார், உள்ளங்கையை அல்ல, அவருடைய முன்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிடி உறுதியாக இருக்கும். படகின் நடுவில் கால் வைக்க வேண்டும், விளிம்பில் கூடாது. யார் எங்கே உட்கார்வது என்று எடை பார்த்து அவர்தான் சொல்வார். மாமனார் ஓர நாற்காலி கேட்டால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், அதில் வாதாட வேண்டாம்.

ஏறுமுன் எல்லோரும் கழிப்பறை போய்வந்துவிடுங்கள். பொதுக் கழிப்பறைக்கு ஆளுக்கு 1.50 யூரோ. சில்லறை வைத்திருங்கள்.